பாடி, பார்டர், கோர்வை

நடந்தது இவ்வளவுதான்:

1. நான் ஒரு படிவத்தை ஒழுங்காக, நேர்மையாக, ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பினேன்.
2. செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்துக்குப் போனபோது எங்கள் ஃப்ரீசர் கதவின் குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது.
3. டேப்பின் மேல் ஒரு காகிதம்: "திறக்காதீர்கள். மனித உடல் தொடர்பான விசாரணை."
4. அந்த உடல் என்னுடையது. அதாவது, நான் செய்தது.
5. வெள்ளிக்கிழமை காலைக்குள் அது வெளியே வராவிட்டால் வாலாஜாபாத் அரிசி மில்காரர் வீட்டுப் பையனைப் பார்க்க நான் பெட்டி கட்ட வேண்டும்.

மூன்றுக்கும் ஐந்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? இருக்கிறது. இங்கிலாந்துக்கு வந்து இந்த மாசியோடு ஒரு வருடம் முடிகிறது. அதைப் பற்றி அமைதியாக ஏதாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இந்த வாரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

ஒன்று

என் வேலை என்ன என்பதில் ஊரில் ஏற்கெனவே குழப்பம். வந்த புதிதில் போனில் அம்மாவிடம், "டி-செல் ஆராய்ச்சிம்மா" என்றேன். லைன் கரகரத்தது. அம்மா அத்தையிடம் சொன்னாள். அத்தை காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் முழுக்கச் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையே ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு கேட்டாள்:

"இன்னாடி சுமதி, டீ செல் பண்றியாமே? எம்.எஸ்சி. படிச்சிட்டு அவ்ளோ தூரம் போயி டீ விக்கணுமா? நம்ம பஸ் ஸ்டாண்டாண்டயே விக்கலாமே."

அத்தைக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். டி-செல் என்பது ரத்தத்தில் சுற்றும் ஒரு காவல் உயிரணு. அது நம் பட்டுக் கடைக்கு வரும் கூட்டத்தில் ஒருத்தி மாதிரி. எல்லாச் சேலையையும் தொட்டுப் பார்ப்பாள். தொடுவாள், விடுவாள், அடுத்ததைத் தொடுவாள். உடம்பின் ஒவ்வோர் உயிரணுவும் தன் வாசலில் வைத்திருக்கும் சரக்கை டி-செல் அப்படித் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகிறது. கிருமி புகுந்த உயிரணு வேறு சரக்கு வைத்திருக்கும். அதைத் தொட்டதும் டி-செல் நின்றுவிடும். பிறகு நடப்பது ரகளை.

தொட்டுப் பார்க்கும் அந்த விரலுக்குத்தான் டி-செல் ஏற்பி என்று பெயர். அது ஒரு புரதம். மனிதனின் ஏற்பிக்கான மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து, புரதத்தை மட்டும் தனியாகச் செய்து எடுப்பதுதான் என் வேலை. விரல் மட்டும் வேண்டும், ஆள் வேண்டாம். தனி விரலை வைத்துக்கொண்டு அது எதைத் தொடும், எதைத் தொடாது என்று நிம்மதியாகப் படிக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், அந்த விரல் இரண்டு சங்கிலிகளால் ஆனது. ஆல்பா ஒன்று, பீட்டா ஒன்று. பாக்டீரியா இரண்டையும் ஒன்றாகச் செய்து தராது. தனித்தனியாகச் செய்யும். அதுவும் மடிக்காமல், சுண்ணாம்புக் கட்டி போல உருட்டி வைத்துவிடும். நான் அந்தக் கட்டிகளைக் கழுவி, யூரியாவில் கரைத்து (வயலுக்குப் போடும் அதே யூரியா, இன்னும் சுத்தமானது), பெரிய பாத்திரத்துக் குளிர்ந்த கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுவேன். அந்தக் குளிரில் ஒவ்வொரு சங்கிலியும் தானாக மடிந்து, தன் ஜோடியைத் தேடிப் பிடித்து, சேர வேண்டும். இரண்டு சங்கிலியிலும் ஒரு கொக்கி வைத்திருக்கிறோம். சேர்ந்தால் மாட்டிக்கொள்ளும். சேராவிட்டால் திரிந்த பால் மாதிரி ஆகிவிடும். முதல் இரண்டு முறை எனக்குக் கிடைத்தது திரிந்த பால்தான்.

இப்போது பெயர் விஷயம். எங்கள் ஆய்வகத்தில் எல்லோருடைய குழாயிலும் ஆல்பா, பீட்டா என்றுதான் எழுதியிருக்கும். யாராவது என்னுடையதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் என் குழாய்களில் மட்டும் தமிழில் எழுதினேன். பீட்டாவுக்கு "பாடி". ஆல்பாவுக்கு "பார்டர்". இரண்டும் சேர்ந்து மாட்டிக்கொண்டதற்கு "கோர்வை".

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: எங்கள் வீட்டுத் தறியில் சேலையின் பாடி ஒரு நிறம், பார்டர் வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை, ஓடும். அப்பா ஒரு பக்கம் தள்ளுவார், அம்மா மறுபக்கம் உட்கார்ந்து பார்டர் நாடாவைத் திருப்பி அனுப்புவாள். இரண்டு நிறமும் சந்திக்கும் இடத்தில் நூலோடு நூல் மாட்டிக்கொள்ளும். அந்த இணைப்புதான் கோர்வை. இழுத்தால் சேலை கிழியலாம், கோர்வை பிரியக் கூடாது.

மூன்றாவது முறை பாத்திரம் கண்ணாடி மாதிரி தெளிவாக நின்றது. சுத்தப்படுத்தி, சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் "கோர்வை" என்று எழுதி ஃப்ரீசரில் வைத்தேன். எழுதும்போது சிரித்துக்கொண்டே இருந்தேன் என்று பக்கத்து மேசைக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை.

இரண்டு

சேர்ந்துவிட்டால் போதாது. அந்த விரல் சரியான சரக்கைத் தொட்டால் ஒட்ட வேண்டும். அதை அளக்க ஒரு கருவி இருக்கிறது. அது வேறு கட்டிடத்தில் இருக்கிறது, ஊரே வரிசையில் நிற்கிறது. எனக்குக் கிடைத்தது இந்த வெள்ளிக்கிழமை காலை. விட்டால் அடுத்தது பங்குனிக்கு அப்புறம்.

பங்குனிதான் கெடு. வைத்தது அம்மா. போன தீபாவளிக்குப் போன் செய்தபோது ஆரம்பித்தாள்.

"வாலாஜாபாத்காரங்க திரும்பவும் கேட்டாங்க. பையன் கம்ப்யூட்டர் படிச்சிருக்கான். தங்கமான குடும்பம். இன்னா சொல்றது?"

"இன்னும் ஒரு வருஷம் இருக்கேன்மா. புரதம் ஒட்டிச்சுன்னா வேலைய நீட்டிச்சுத் தரேன்னு ஹெலன் சொல்லியிருக்காங்க." ஹெலன் என் ஆய்வகத் தலைவி.

"ஒட்டலன்னா?"

"ஒட்டும்."

"ஒட்டலன்னா இன்னாடி பண்ணுவ? அதச் சொல்லு."

போனுக்குப் பின்னால் தறிச் சத்தம் நின்றது. எங்கள் வீட்டில் போன் தறிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தறி நின்றால் அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஒப்பந்தம் அங்கேயே முடிந்தது. பங்குனித் திருவிழாவுக்குள் அது ஒட்டினால் நான் இன்னும் ஒரு வருடம் இங்கே இருக்கலாம். ஒட்டாவிட்டால் ஊருக்கு வந்து வாலாஜாபாத்காரர்களைப் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் "சாப்ட்டியா?" என்பதற்கு முன்னால் வருகிற கேள்வி:

"ஒட்டிச்சா?"

எனக்கு இங்கே இருக்க வேண்டும் என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் சாயங்காலம் நாலு மணிக்கு இருட்டிவிடுகிறது. தக்காளிக்கு ருசியே இல்லை. ஆனால் காலையில் குளிர் அறையைத் திறந்து பாத்திரம் தெளிவாக இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற அந்த நொடி இருக்கிறதே, அதை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை.

மூன்று

படிவத்துக்கு வருகிறேன். எல்லா ஃப்ரீசரிலும் என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் பட்டியல் தர வேண்டும் என்று பாதுகாப்பு அலுவலகம் கேட்டது. பட்டியல் என்றால் எனக்கு உயிர். குழாயின் மேல் எழுதியிருப்பதை அப்படியே எழுத வேண்டும் என்று விதி. எழுதினேன். பாடி: மனிதன், ஆறு குழாய். பார்டர்: மனிதன், ஆறு குழாய். கோர்வைக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. "பாடியும் பார்டரும் இணைந்தது: மனிதன்." செய்முறை என்ற கட்டத்தில், "பாடி நன்றாகக் கழுவப்பட்டு யூரியாவில் கரைக்கப்பட்டது."

கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. எங்கள் தெருவில் பாடி, பார்டர் இரண்டும் தமிழ் வார்த்தைகள். அவற்றுக்கு இங்கிலீஷில் வேறு அர்த்தம் உண்டு என்று எனக்குத் தெரியும்தான். ஆனால் அந்த இரண்டையும் நான் இங்கிலீஷிலிருந்து கற்றுக்கொள்ளவில்லையே.

செவ்வாய்க்கிழமை டேப்பைப் பார்த்ததும் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஓடினேன். அதன் பொறுப்பாளர் மார்கரெட். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மிக மரியாதையாகப் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"சுமாத்தி, இது முழு உடலா?"

"இல்லை. சின்னச் சின்னக் குழாய்."

"எத்தனை பேருடையது?"

"யாருடையதும் இல்லை. பாக்டீரியா செய்தது."

"மனிதன் என்று எழுதியிருக்கிறீர்களே."

"வடிவம் மட்டும் மனிதனுடையது."

அதை அவர் எழுதிக்கொண்டார். நான் தலைகீழாக வாசித்தேன். வடிவம் மட்டும் மனிதனுடையது. விஷயம் மோசமாகிக்கொண்டே போனது.

"பார்டர் என்றால் எந்த நாட்டு எல்லை?"

"எல்லை இல்லை. கரை." கரைக்கு ஆங்கிலத்தில் 'பேங்க்' என்றுதான் எனக்கு வாயில் வந்தது.

"ஆற்றங்கரையா?"

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனித உடல் விசாரணையில் சிரிக்கக் கூடாது என்று தெரியும். உதட்டைக் கடித்தேன். கண்ணில் நீர் வந்தது. மார்கரெட் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில், நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அக்காவிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருடமாக இங்கே இருக்கிறார். அவருடைய ஏழு வயது மகளுக்கு ஆங்கிலம் மட்டும்தான் வாயில் வரும். கதையைக் கேட்டதும் அவள் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள்.

"தமிழில கேள் பிள்ளை. அக்காவுக்கு விளங்கட்டும்," என்றார் அக்கா.

எனக்கு ஆங்கிலமும் விளங்கும். ஆனாலும் காத்திருந்தேன். அவள் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து வைத்தாள்.

"பாடிக்கு... உள்ளே... குளிருதா?"

அக்கா தட்டை விட்டு எழுந்து போய்ச் சிரித்தார். ஒரு வருடத்தில் அந்தக் குழந்தை என்னிடம் சொன்ன முதல் முழுத் தமிழ் வாக்கியம் அது. அதில் முதல் வார்த்தை தமிழா இங்கிலீஷா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

நான்கு

புதன்கிழமை ஒரு சேலையை எடுத்துக்கொண்டு மார்கரெட் அறைக்குப் போனேன். அரக்குப் பாடி, பச்சை பார்டர். "யாராச்சும் கல்யாணத்துக்குக் கூப்ட்டா கட்டிக்கோ" என்று அம்மா பெட்டியில் வைத்தது. ஒரு வருடமாக யாரும் கூப்பிடவில்லை.

மேசை மேல் விரித்தேன். மேசை போதவில்லை. நாற்காலி, அச்சு இயந்திரம், மார்கரெட்டின் மடி எல்லாவற்றின் மேலும் போனது.

"இது பாடி. இது பார்டர். இந்த இடம் கோர்வை. இழுத்துப் பாருங்கள்."

பாதுகாப்பு அதிகாரி எப்படி இழுப்பாரோ அப்படி இழுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இழுத்தார். கோர்வை அசையவில்லை.

"இதைச் செய்தது யார்?"

"அப்பாவும் அம்மாவும்."

"ஃப்ரீசரில் இருப்பதை?"

"அது நான்."

அவர் சேலையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு அந்த அலுவலகத்தில் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரு முறை கோர்வையை இழுத்தார்கள்.

ஆனால் கணினி சிரிக்கவில்லை. மனித உடல் என்று ஒரு முறை பதிவானதை அழிக்க வழியில்லை, முடித்து வைக்கத்தான் வழி உண்டு. முடித்து வைக்க மூன்றே தேர்வுகள்: அடக்கம் செய்யப்பட்டது, வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது, உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டது.

மார்கரெட் என்னைப் பார்த்தார். "நெருங்கிய உறவு யாராவது?"

"என்னை விட நெருக்கம் யாரும் இல்லை."

"இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?" கணினி கேட்டதை வாசித்தார். மகள், மனைவி, சகோதரி என்று வரிசையாக வந்தது. செய்தவள் என்று ஒரு உறவு அதில் இல்லை.

"தாய் என்று போடுகிறேன்," என்றார். "சம்மதமா?"

சம்மதித்தேன். மேலே யாரோ ஒப்புதல் தர வேண்டியிருந்தது. வியாழக்கிழமை மாலை மஞ்சள் டேப்பைப் பிய்த்து எடுத்தார்கள். குழாய்களை முறைப்படி என் கையில் ஒப்படைத்தார்கள். மார்கரெட் மெல்லிய குரலில் ஆறுதல் சொன்னார். இம்முறை டிஷ்யூ அவருக்கே தேவைப்பட்டது.

ஐந்து

வெள்ளிக்கிழமை. கருவிக்குள் ஒரு சிறிய தகடு. அதன் ஒரு மூலையில் என் விரல் தேடும் சரக்கு, இன்னொரு மூலையில் வேறு சரக்கு. கோர்வையைப் பனிக்கட்டி மேல் வைத்து உருக்கி, தகட்டின் மேல் ஓட விட்டேன். ஒட்டினால் திரையில் கோடு ஏறும். கழுவும்போது விட்டால் இறங்கும்.

ஏறியே நின்றால்? அதுதான் மிகப் பெரிய பயம். சரியாக மடியாத புரதம் எதன் மேலும் அப்பிக்கொண்டு விடவே விடாது. தொட்ட சேலையை எல்லாம் இடுக்கிக்கொள்கிற ஆள் கடைக்கு ஆகுமா?

ஹெலன் ஒரு பென்சிலைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். வேறு சரக்கின் கோடு படுத்தே கிடந்தது. நல்லது. சரியான சரக்கின் கோடு... ஏறியது. கழுவத் தொடங்கியதும் வளைந்து, சறுக்கி, கீழே வந்து சேர்ந்தது. முழுவதுமாக.

"எவ்வளவு அழகாக விடுகிறது பார்," என்றார் ஹெலன்.

"ஆமாம்," என்றேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குளிர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். குதித்தேன். அலமாரிகள் அதிர்ந்தன. திரும்ப வந்து, கையுறை மாற்றி, அடுத்த குழாயை ஏற்றினேன். அதுவும் ஏறி இறங்கியது. அதற்கடுத்ததும். ஹெலன் என் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். இன்னும் ஒரு வருட வேலை. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு பாக்கெட்டில் வைத்திருந்திருக்கிறார், பாவி.

ஆறு

ஞாயிறு. போன் கார்டைச் சுரண்டி நம்பர் அடித்தேன். அம்மாவே எடுத்தாள்.

"ஒட்டிச்சா?"

"ஒட்டிச்சும்மா!"

"ஒட்டிக்கினே இருக்குதா?"

இங்கேதான் தப்புச் செய்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"இல்லம்மா. ஒட்டி விட்டுடுச்சு."

தறி நின்றது.

"விட்டுடுச்சா? அப்பறம் இன்னாடி ஒட்டிச்சுன்ற?"

"விடணும்மா. அப்படித்தான் இருக்கணும். பட்டுக் கடைக்கு வரவங்க தொட்டுப் பாத்துட்டுப் போறாங்க இல்ல, அது மாதிரி. தொட்டா வாங்கியே ஆகணும்னா யாரு கடைக்கு வருவா?"

"வாங்காதவங்கள நான் கணக்குல சேக்கறதே இல்ல."

"அம்மா, ஒட்டிச்சா இல்லையா? ஒப்பந்தத்துல ஒட்டணும்னுதான் இருந்துது. விடக் கூடாதுன்னு நீ சொல்லவே இல்ல."

"சொல்லணுமா? ஒட்டறதுன்னா விடாம இருக்கறதுதான்."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "விடாம இருந்தா அது கோந்து. கொழந்த கோந்து செய்யவா அவ்ளோ தூரம் போச்சு?"

"நீங்க யாரு பக்கம்?" அம்மா அவர் பக்கம் திரும்பியது குரலில் தெரிந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். என் கார்டில் நிமிடங்கள் ஓடின. பிறகு அம்மா வந்தாள். குரல் திடீரென்று இனித்தது. எனக்கு அப்போதே உஷார் வந்திருக்க வேண்டும்.

"சரி கண்ணு. நீ சொல்றதுதான் சரி. ஒட்டிச்சு. இன்னும் ஒரு வருஷம் இரு."

"அம்மா!"

"பங்குனிக்கு மட்டும் ஒரு வாட்டி வந்துட்டுப் போ. லீவு தருவாங்க இல்ல?"

"தருவாங்கம்மா."

"அப்டியே வாலாஜாபாத்காரங்களையும் பாத்துட்டுப் போ."

"அம்மா! ஒட்டிச்சுன்னா பாக்க வாணாம்னுதானே பேச்சு?"

"யாருடி உன்ன ஒட்டிக்கச் சொன்னது? தொட்டா வாங்கியே ஆகணுமான்னு நீதானே கேட்ட? வந்து பாரு, புடிக்கலன்னா உட்டுட்டுப் போ. உன் புரோட்டீனு பண்ணல?"

பின்னால் தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. அப்பா சிரித்துக்கொண்டே தள்ளுகிறார் என்று தாளத்திலேயே தெரிந்தது. கார்டு தீர்ந்து லைன் அறுந்தது.

இன்றைய நிலவரம்: கோர்வை மீண்டும் ஃப்ரீசரில் இருக்கிறது, குழாய்களில் இப்போது ஆல்பா பீட்டா என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். பல்கலைக்கழகக் கணினியில் நான் ஒரு தாய், அந்தத் தகவல் வாலாஜாபாத்துக்குப் போகாமல் இருந்தால் நல்லது. வேலை இன்னும் ஒரு வருடத்துக்கு உண்டு. பங்குனிக்கு வருகிறேன், பையனைப் பார்க்கிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, திரும்பி வருவதற்கும் சேர்த்து.